புதிய ஈ.எஸ்.எஸ். பாடத்தை முதன்முறையாக எடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

இன்டர்நேஷனல் பாக்கலரியேட், அதாவது ஐ.பி. அமைப்பின் இரண்டு ஆண்டு டிப்ளமோ படிப்பில் ‘என்விரான்மென்டல் சிஸ்டம்ஸ் அண்ட் சொசைட்டீஸ்’ (சுற்றுச்சூழல் அமைப்புகளும் சமூகங்களும்) என்ற பாடம், சுருக்கமாக ஈ.எஸ்.எஸ்., 2024 ஆகஸ்ட் முதல் புது வடிவத்தில் நடத்தப்படுகிறது. இந்தப் பாடத்திட்டத்தின் முதல் பொதுத்தேர்வு ஆண்டு 2026. பல பள்ளிகளில் இது உயிரியல் ஆசிரியரிடமோ புவியியல் ஆசிரியரிடமோ ஒப்படைக்கப்படும். இருவருமே ‘பாதி எனக்குத் தெரிந்ததுதான், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றுதான் தொடங்குவார்கள். அந்த நினைப்பில்தான் முதல் ஆண்டு வீணாகிறது. உயிரியலையும் புவியியலையும் கூட்டிப் போட்டால் வருவதல்ல இந்தப் பாடம். ஓர் ஏரியைப் பார்த்து அதன் நைட்ரேட் அளவையும், அதன்மேல் யாருக்கு உரிமை என்பதையும் ஒரே மூச்சில் பேசத் தெரிந்த மாணவரைத்தான் தேர்வுத்தாள் எதிர்பார்க்கிறது.

வகுப்பு தொடங்க மூன்று மாதமாவது இருக்கும்போது இதைப் படித்தால் கீழே உள்ள வரிசை அப்படியே உதவும்.

1. ஆவணங்களைக் கையில் வாங்குங்கள்

பாடத்திட்ட வழிகாட்டி, ஆசிரியர் துணைநூல், மாதிரி வினாத்தாள்கள் ஆகிய மூன்றும் ஐ.பி.யின் இணையதளத்தில் ஆசிரியர்களுக்கான பகுதியில் இருக்கின்றன. கணக்கைத் திறந்து தருவது உங்கள் பள்ளியின் டி.பி. (டிப்ளமோ படிப்பு) கோஆர்டினேட்டரின் வேலை. வேலையில் சேர்ந்த அன்றே கேளுங்கள்.

பதிவிறக்கியதும் அட்டையைப் பாருங்கள். ‘முதல் தேர்வு 2026’ என்று இருந்தால்தான் அது உங்களுக்கானது. பள்ளியின் பொதுக் கோப்புறையில் பழைய பதிப்பு கட்டாயம் கிடக்கும், மதிப்பெண் அளவுகோலும் அதோடு சேர்ந்தே கிடக்கும். அதை வேறு கோப்புறைக்கு மாற்றி, ‘பழையது’ என்று பெயரிட்டுப் பூட்டிவிடுங்கள். பழைய அளவுகோலை நம்பி ஆய்வறிக்கை எழுத வைப்பதுதான் இந்தப் பாடத்தில் நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது.

புதிதாக வருபவர்களுக்கு ஐ.பி.யின் முதல்நிலைப் பயிற்சிப் பட்டறை உண்டு. கட்டணத்தோடு பயணமும் தங்குமிடமும் சேர்ந்தால் தொகை பெரிதாகிவிடும். இணையவழிப் பட்டறையில் பயணச் செலவு மிச்சம். பள்ளி அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் போடும் நேரத்திலேயே இந்தக் கோரிக்கையைக் கொடுத்துவிடுங்கள்.

2. என்ன மாறியது என்று ஒரே தாளில் எழுதுங்கள்

முக்கியமான மாற்றம், முன்பு எஸ்.எல்., அதாவது சாதாரண நிலை மட்டுமே இருந்த பாடத்துக்கு இப்போது எச்.எல்.லும், அதாவது உயர்நிலையும் வந்திருக்கிறது. எஸ்.எல். 150 மணி நேரம், எச்.எல். 240 மணி நேரம்.

அலகுகள் எட்டு: அடிப்படைகள், சூழலியல், பல்லுயிர் வளமும் பாதுகாப்பும், நீர், நிலம், வளிமண்டலமும் காலநிலை மாற்றமும், இயற்கை வளங்கள், மக்கள்தொகையும் நகரங்களும். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் மூன்று கருத்துகள் நோக்குநிலை, சிஸ்டம், நீடித்த நிலைத்தன்மை. எச்.எல். மாணவர்களுக்கு மட்டும் இவற்றோடு சுற்றுச்சூழல் சட்டம், சூழல் பொருளியல், சூழல் அறவியல் என்ற மூன்று கண்ணாடிகள், அதாவது ஒரு சிக்கலைப் பார்க்கும் மூன்று கோணங்கள் உண்டு.

மதிப்பெண் பங்கீடு இது. எஸ்.எல்.லில் முதல் தாள் ஒரு மணி நேரம், 35 மதிப்பெண், 25 சதவீதம். இரண்டாம் தாள் இரண்டு மணி நேரம், 60 மதிப்பெண், 50 சதவீதம். அகமதிப்பீடு, அதாவது மாணவர் தானே ஆய்வு செய்து எழுதும் அறிக்கையான ஐ.ஏ., 25 சதவீதம். எச்.எல்.லில் முதல் தாள் இரண்டு மணி நேரம், 70 மதிப்பெண், 30 சதவீதம். இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 80 மதிப்பெண், 50 சதவீதம். ஐ.ஏ. 20 சதவீதம்.

3. சேர்க்கைக்கு முன்பே பெற்றோரிடம் பேசுங்கள்

ஈ.எஸ்.எஸ். அறிவியல் தொகுதிக்கும் சமூகவியல் தொகுதிக்கும் ஒருசேரப் பொருந்தும். அதற்காக இரண்டு பாடமாக எண்ணிவிடக் கூடாது. மாணவர் மொத்தம் ஆறு பாடம் எடுத்தே ஆக வேண்டும். இரண்டு தொகுதிக்கும் சேர்த்து இது ஒன்றே போதும் என்பதால், மிச்சமாகும் இடத்தில் வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமானது, நீட் எழுத நினைக்கும் பிள்ளைக்கு ஈ.எஸ்.எஸ். உயிரியலுக்கு மாற்றாகாது. ஜே.இ.இ.க்குப் போகிறவருக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் தனியாக வேண்டும். வெளிநாட்டிலும் சில பல்கலைக்கழகங்கள் இதை ஆய்வக அறிவியலாக ஏற்பதில்லை. சேர விரும்பும் படிப்பின் தகுதிப் பக்கத்தை அச்செடுத்து, பெற்றோர் கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஆண்டில் இது தெரியவந்தால் அந்தப் பிள்ளைக்குத் திரும்பும் வழி இல்லை.

4. பீரியடுகளை எண்ணுங்கள்

இரண்டு ஆண்டுப் படிப்பில் விடுமுறை, தேர்வு, விளையாட்டு விழா எல்லாம் போக உருப்படியாகக் கிடைப்பது ஏறக்குறைய 56 வாரம். நாற்பது நிமிட பீரியடாக இருந்தால் 150 மணி நேரம் என்பது 225 பீரியடு, வாரத்துக்கு நான்கு. 240 மணி நேரம் என்பது 360 பீரியடு, வாரத்துக்கு ஆறரை. கால அட்டவணை போடுபவரிடம் இந்தக் கணக்கை எழுத்தில் கொடுங்கள்.

எஸ்.எல்., எச்.எல். இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ‘எச்.எல். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிக்கொடுங்கள்’ என்று சில பள்ளிகள் சொல்லும். ஒத்துக்கொள்ளாதீர்கள். வித்தியாசம் 90 மணி நேரம், அது வகுப்புக்கு வெளியே ஒப்பேற்றக்கூடிய அளவல்ல. நான்கு பீரியடு சேர்ந்தும், இரண்டு அல்லது மூன்று பீரியடு எச்.எல்.லுக்குத் தனியாகவும் கேளுங்கள்.

ஐ.ஏ.வுக்குப் பத்து மணி நேரமும், மற்ற அறிவியல் மாணவர்களோடு சேர்ந்து செய்யும் கூட்டு அறிவியல் திட்டத்துக்குப் பத்து மணி நேரமும் மேலே சொன்ன கணக்குக்கு உள்ளேயே வருகின்றன. திட்டத்தின் தேதியை இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆசிரியர்களோடு ஜூன் மாதமே பேசி முடிவு செய்யுங்கள்.

5. ஓர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்து எடுக்கும் பள்ளிகளில் அலகுகளைப் பிரித்துக்கொள்வது வழக்கம்: சூழலியலும் பல்லுயிரும் உயிரியல்காரருக்கு, மக்கள்தொகையும் நகரமும் புவியியல்காரருக்கு. மாணவருக்கு அது இரண்டு பாடமாகவே போய்ச் சேரும், தேர்வில் இணைத்து எழுத வராது. அதற்குப் பதிலாக, பள்ளிக்கு அருகில் அரைமணிப் பயணத்தில் போய்வரக்கூடிய ஓர் இடத்தைப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் ஏரியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இரண்டு ஆண்டும் எல்லா அலகும் அந்த ஏரியைத் தொட்டுப் போகட்டும்.

முதல் வாரமே படம் வரைய வையுங்கள். பெட்டி என்றால் இருப்பு: ஏரி நீர், மண் ஈரம், நிலத்தடி நீர். அம்பு என்றால் ஓட்டம்: மழை, வரத்துக்கால், மதகு, கலங்கல் வழியே போகும் உபரி, ஊறல், ஆவியாதல். மதகு வழியே வயலுக்குப் போகும் நீர் இடம் மட்டும் மாறுகிறது, அது இடமாற்றம். ஆவியாகும்போது நிலையே மாறுகிறது, அது உருமாற்றம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மதிப்பெண் இழக்கும் மாணவர்கள் ஏராளம்.

பிறகு எண்ணைக் கொண்டுவாருங்கள். ஒரு ஹெக்டேர் பரப்பு, சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் கொள்ளளவு 15,000 கன மீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 50 கன மீட்டர் போகிறது. முப்பது சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் 3,000 கன மீட்டர் கொள்ளளவு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, காணாமல் போகும். தூர் வாருவது ஏன் வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். எடுத்த வண்டல் வயலுக்குப் போகிறதா, செங்கல் சூளைக்குப் போகிறதா என்று கேட்டால் நில அலகுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

பின்னூட்டத்தை, அதாவது ஒரு மாற்றத்தின் விளைவு திரும்பி வந்து அந்த மாற்றத்தையே பாதிப்பதை விளக்க ஆகாயத்தாமரை போதும். கழிவுநீரோடு ஊட்டச்சத்து வருகிறது, ஆகாயத்தாமரை பரவுகிறது, அடியில் ஒளி போகாமல் நீருக்குள் இருக்கும் தாவரங்கள் மடிகின்றன, அவை மட்கும்போது ஆக்சிஜன் தீர்கிறது, ஆக்சிஜன் இல்லாத சேற்றிலிருந்து பாஸ்பேட் வெளியேறுகிறது, அதைத் தின்று ஆகாயத்தாமரை இன்னும் பரவுகிறது. இது நேர்ப் பின்னூட்டம். ‘நேர்’ என்றால் ‘நல்லது’ என்று மாணவர் எழுதுவார். மாற்றத்தை மேலும் வளர்ப்பது நேர், தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எதிர் என்று முதல் நாளே பிடித்து நிறுத்துங்கள்.

நோக்குநிலைக்கும் இதே ஏரி. ஆயக்கட்டு விவசாயிக்கு மதகு திறக்க வேண்டும். மீன் குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். கரையோரம் வீடு கட்டியவருக்கு நீர்மட்டம் உயரவே கூடாது. பறவை பார்க்க வருபவருக்குச் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிய வேண்டும். நால்வரையும் ஆளுக்கொரு பக்கம் எழுத வையுங்கள். உடனே ‘இவர் இயற்கை மையவாதி, இவர் மனித மையவாதி’ என்று ஒட்டுச்சீட்டுப் போட விடாதீர்கள். அதே விவசாயி மழைக்காலத்தில் ஒரு மாதிரியும் கோடையில் வேறு மாதிரியும் பேசுவார் என்பதை எழுதிக் காட்டுபவருக்குத்தான் உயர்ந்த மதிப்பெண்.

ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் ஏரிக்குள் திணிக்க வேண்டாம். ஓசோன் படலத்தை ஏரியோடு முடிச்சுப் போட முடியாது. உலகின் வேறு பகுதிகளிலிருந்து எடுத்துக்காட்டு இல்லாத விடை தேர்வில் மெலிந்துதான் தெரியும். ஒவ்வொரு அலகுக்கும் உள்ளூர் ஒன்று, வெளிநாடு ஒன்று என்று சோடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. எச்.எல். கண்ணாடிகளைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

சட்டம், பொருளியல், அறவியல் மூன்றையும் இரண்டாம் ஆண்டு இறுதியில் தனி அலகாக நடத்தினால் மாணவர் மனப்பாடம் செய்வார், பயன்படுத்த மாட்டார். ஏதாவது ஒரு வழக்கை எடுத்து மூன்று கண்ணாடியாலும் பாருங்கள்.

பாலாறு இதற்கு நன்றாகப் பொருந்தும். தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்துபவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் சொல்லப்பட்டது. இது சட்டம். தோல் ஏற்றுமதியின் வருமானம் ஒருவருக்கு, கெட்டுப்போன கிணற்றின் செலவு இன்னொருவருக்கு என்பது பொருளியல்; அந்தச் செலவு தோலின் விலையில் ஏன் தெரியவில்லை என்று கேளுங்கள். இனிப் பிறக்கப் போகிறவருக்கு அந்த ஆற்றின்மேல் உரிமை உண்டா என்பது அறவியல்.

இதற்குச் சோடியாக நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றை வையுங்கள். 2017இல் சட்டம் இயற்றி அந்த ஆற்றுக்குச் சட்டப்படியான ஆள் என்ற தகுதி தரப்பட்டது. அதே 2017இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அதே தகுதியை அறிவிக்க, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஓரிடத்தில் நிலைத்தது இன்னோரிடத்தில் ஏன் நிலைக்கவில்லை? இந்த ஒரு கேள்வி மூன்று பீரியடு ஓடும்.

7. களப்பொருளும் செலவும்

செடிகளை எண்ணத் தரையில் வைக்கும் சதுரச் சட்டம் வாங்க வேண்டாம். அரை அங்குல பி.வி.சி. குழாயில் ஐம்பது சென்டிமீட்டர் துண்டுகள் நான்கு, எல்போ நான்கு. ஒரு சட்டத்துக்கு 150 முதல் 200 ரூபாய் ஆகும். உள்பக்க அளவு ஐம்பது சென்டிமீட்டர் வருகிறதா என்று மாட்டிப் பார்த்த பிறகே பசை போடுங்கள். ஒரு மூலையை ஒட்டாமல் விட்டால் செடிக்குள் நுழைக்க வசதி. ஐந்து சட்டம் இருந்தால் இருபது பேர் வகுப்புக்குப் போதும்.

நீரின் தெளிவைப் பார்க்கும் செக்கி தட்டு இருபது சென்டிமீட்டர் விட்டம், கறுப்பு வெள்ளைக் கால்வட்டங்கள், அடியில் எடை. நைலான் கயிறு நனைந்தால் நீளும், அதனால் நீளாத கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குறி போடுங்கள். தட்டு மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. வெயில் நீரில் பளபளக்கும் பக்கம் நின்று பார்த்தால் அளவு தவறும், நிழல் பக்கம் நில்லுங்கள்.

சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசுவது தற்செயல் மாதிரி எடுப்பது ஆகாது. வீசுபவர் கை அவரை அறியாமலே நல்ல இடத்தைத் தேடும். இரண்டு அளவு நாடாவை ‘எல்’ வடிவில் விரித்து, கால்குலேட்டரில் தற்செயல் எண் எடுத்து இடம் குறியுங்கள்.

ஓர் இடத்தின் உயிரினப் பன்மையை ஒரே எண்ணில் சொல்லும் சிம்ப்சன் குறியீட்டைப் பள்ளி மைதானத்திலேயே பழக்கலாம். ஓர் இடத்தில் மூன்று வகைச் செடிகள் 10, 6, 4 என்று இருபது. இருபதைப் பத்தொன்பதால் பெருக்க 380. கீழே 10×9, 6×5, 4×3 கூட்டினால் 132. வகுத்தால் 2.88. இன்னோர் இடத்தில் 18, 1, 1. அதே 380ஐ 306ஆல் வகுக்க 1.24. இரண்டிலும் மூன்று வகை, இருபது செடி. பன்மை ஏன் வேறு என்பதை மாணவரே சொல்லிவிடுவார்.

பெரிய செலவு பேருந்துதான். அனுமதியும் நேரம் எடுக்கும்: ஏரிக்கு அதன் பொறுப்பில் உள்ள துறையிடமோ ஊராட்சியிடமோ, காப்புக்காடு அல்லது பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறையிடமோ எழுத்தில் கேளுங்கள். இரண்டு மாதம் முன்னதாக விண்ணப்பித்து, கிடைக்காவிட்டால் பள்ளி வளாகத்திலேயே செய்யக்கூடிய மாற்றுத் திட்டம் ஒன்றைத் தயாராக வையுங்கள். முழங்காலுக்கு மேல் நீரில் யாரும் இறங்கக் கூடாது. காலில் புண் இருப்பவர் கரையில் நின்று குறிப்பு எடுக்கட்டும், மழைக்குப் பிந்தைய தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

8. ஐ.ஏ.: நாட்காட்டியும் பொறிகளும்

அதிகபட்சம் 3,000 சொல், மொத்தம் 30 மதிப்பெண். ஆய்வுக் கேள்வி 4, உத்தி 4, செய்முறை 4, தரவைக் கையாளுதல் 6, பகுப்பாய்வும் முடிவும் 6, மதிப்பீடு 6.

புதியவர்கள் தடுமாறும் இடம் ‘உத்தி’. மாணவர் தானாக ஒரு தீர்வைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தன் கேள்வியோடு தொடர்புடைய சுற்றுச்சூழல் சிக்கலுக்கு ஏற்கெனவே உள்ள, அல்லது உருவாகிவரும் ஓர் உத்தியை எடுத்து, அதன்மேல் வெவ்வேறு தரப்புக்கு இடையே உள்ள இழுபறியை விளக்க வேண்டும். சாயக்கழிவு பற்றிய ஆய்வு என்றால் திருப்பூரின் கழிவு வெளியேற்றமே இல்லாத சுத்திகரிப்பு முறை நல்ல எடுத்துக்காட்டு: ஆற்றைக் காக்கிறது, ஆனால் மின்சாரமும் பணமும் தின்கிறது, சிறு பட்டறைக்காரரால் தாங்க முடியவில்லை. ‘மரம் நட வேண்டும், விழிப்புணர்வு வேண்டும்’ என்று எழுதினால் மதிப்பெண் வராது.

‘சென்னையில் காற்று மாசு எவ்வளவு?’ என்பது கேள்வியே அல்ல. ‘பள்ளியை ஒட்டிய சாலையின் விளிம்பிலிருந்து 45 மீட்டர் வரை தூரம் கூடக்கூடத் தரைத்தாவரப் பன்மை எப்படி மாறுகிறது?’ என்பது கேள்வி. அளவிடும் இடங்களையும் அப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா என்று பார்க்கும் ஸ்பியர்மன் சோதனை செய்யப் போகிறவர் ஐந்து இடத்தில் மட்டும் அளந்தால், இருபக்கச் சோதனையில் ஐந்து சதவீத மட்டத்துக்கு ஒட்டுறவு மிகச் சரியாக 1 வந்தால்தான் செல்லும். பத்து இடம் என்றால் 0.648 போதும். அதனால் ஐந்து மீட்டருக்கு ஒன்றாகப் பத்து இடம், ஒவ்வொன்றிலும் மூன்று முறையாவது அளவு.

நைட்ரேட் பட்டைகள் மலிவு, ஆனால் 10, 25, 50 என்று தாவும். இடையிலுள்ள சிறு வேறுபாடு தெரியாது. அப்படிப்பட்ட கருவியை வைத்து நுண்ணிய கேள்வி கேட்க விடாதீர்கள். மக்களிடம் கேள்வித்தாள் கொடுப்பதாக இருந்தால் எழுத்தில் சம்மதம் வேண்டும். உயிரினங்களைத் துன்புறுத்தும் சோதனைக்கு இடமே இல்லை.

காலம்: ஆகஸ்டில் சேரும் வகுப்பு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தரவு எடுத்துவிட வேண்டும். ஏப்ரல் தாண்டினால் ஏரி வற்றும், வெயில் தாங்காது, இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் செய்யலாம் என்றால் மற்ற ஐந்து பாடமும் அப்போதுதான் வந்து நிற்கும். விடுமுறைக்குப் பின் வரைவு, அக்டோபருக்குள் இறுதி. வரைவை நீங்கள் ஒருமுறைதான் பார்த்துக் கருத்துச் சொல்லலாம், வரிவரியாகத் திருத்தக் கூடாது. எனவே அரைகுறை வரைவை வாங்காதீர்கள்.

9. தேர்வுத் தாளுக்குப் பழக்கம்

முதல் தாள் ஓர் இடத்தைப் பற்றிய தகவல் தொகுப்போடு வரும். அதைப் படிக்கவே மாணவருக்குப் பயிற்சி வேண்டும். பழைய வினாத்தாள்களை வீசிவிட வேண்டாம். தொகுப்புகள் பயிற்சிக்கு உதவும், மதிப்பெண் பங்கீட்டை மட்டும் அவற்றிலிருந்து எடுக்காதீர்கள். முதல் ஆண்டு இறுதிக்குள் ஏரியைப் பற்றி நீங்களே எட்டுப் பக்கத் தொகுப்பு ஒன்று தயாரித்து, நேரம் வைத்து எழுதவையுங்கள்.

10. மதிப்பெண் இட்டு அனுப்புதல்

மே மாதத் தேர்வுக்குப் பதிவு முந்தைய நவம்பர் 15க்குள். ஐ.ஏ. மதிப்பெண்ணும் மாதிரி அறிக்கைகளும் ஏப்ரல் 20க்குள். உங்கள் கோஆர்டினேட்டர் இதற்கு முந்தைய ஒரு தேதியைச் சொல்வார், அதையே கெடுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால், முதலில் இருவரும் ஒரே மூன்று அறிக்கைகளைத் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். ஐ.பி. மாதிரிகளைப் பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டினாலோ குறைத்தாலோ அது பள்ளி முழுவதற்கும் பொருந்தும். ஒருவர் தாராளமாகப் போட்டால் மற்றவரின் மாணவருக்கும் குறையும். ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஏன் அந்த மதிப்பெண் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். மாதிரியைப் பார்ப்பவர் உங்கள் காரணத்தைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு வரிதான் வழி.